கடன் அட்டையும் வட்டி நிபந்தனையும்

'ஐம்பது நாள் வரை வட்டியில்லை' என்றதும் கிரெடிட் கார்டு ஆகுமானதே எனச் சகோதரர்கள் சிலர் எண்ணிவிடுகிறார்கள். தவணை தப்பினால் வட்டி தருவேன் என்று முதல் நாளே கையொப்பமிட்டதை மறந்துவிடுகிறார்கள்! உரிய நாளில் கட்டிவிடும் எண்ணமிருந்தாலும் அத்தகைய நிபந்தனையுள்ள அட்டை கூடாது என்றே 2000-ல் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. தேவையை முன்னிட்டு, தவறாது கட்டுவோருக்கு இடமளிக்கும் உலமாக்களும் உளர். எளியேனுக்கு முந்தியதே பேணுதலாகப் படுகிறது. வைத்திருப்போர் முழுத் தொகையையும் கட்டிவிடட்டும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டி ஏறும். ரொக்கம் எடுத்தாலோ பொதுவாக அன்றே வட்டி தொடங்கிவிடும். அதை அறவே தொடலாகாது. சொந்தப் பணமே கழியும் டெபிட் கார்டில் இச்சிக்கல் இல்லை. வட்டி நிபந்தனையே இல்லாத அட்டை கிடைத்தால், அதற்கு நிலையான சேவைக் கட்டணம் கொடுப்பது கூடும் என்பதும் அதே தீர்மானத்தில் உள்ளது.