அரிப்பு அடங்குகிறது, படபடப்பு அடங்கவில்லை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. அரசுப் பள்ளி ஆசிரியை. ஆண்டுத் தேர்வு, அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாள் என்றால் போதும், காணாக்கடி போல உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. கூடவே நெஞ்சு படபடக்கும். ஒருமுறை மார்பை யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. செட்டிரிசின் போட்டால் அரிப்பு அடங்கிவிடுகிறது; படபடப்பு அடங்குவதில்லை. “எல்லாம் ஹிஸ்டமின் பண்ற வேலை” என்றார் மருந்துக் கடைக்காரர். அரிப்பைத் தரும் அதே பொருள் இதயத்திலும் வேலை செய்யுமா? அலர்ஜி மாத்திரை அடிக்கடி போடுவது இதயத்துக்கு நல்லதா, கெட்டதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மார்பை அழுத்திப் பிடித்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். தடிப்பு மறைந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையும் தைராய்டு மிகைச் சுரப்பும் படபடப்புக்கு மிகச் சாதாரணமான காரணங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், அதே ஹிஸ்டமின்தான்.

முன்கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதலில் கோடு சிவக்கும், பிறகு சுற்றிலும் செம்மை படரும். தடிப்பு வரும் உடம்பு என்றால் சில நிமிடங்களில் அந்தக் கோடே மேடாக எழும்பிவிடும். லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1920-களில் இந்தக் கோட்டைத்தான் ஆராய்ந்து, தோலிலிருந்து ஹிஸ்டமின் போன்ற ஒரு பொருள் வெளிவருகிறது என்று சொன்னார். இத்தனைக்கும் அவர் இதய மருத்துவர், இ.சி.ஜி.யை நோயறியும் கருவியாக நிலைநிறுத்திய முன்னோடிகளில் ஒருவர்.

ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருப்பவை மாஸ்ட் செல்கள். இவை தோலில் மட்டும் இல்லை. இதயத் தமனிகளை ஒட்டியும் இதயத் தசை நார்களுக்கு நடுவிலும் இருக்கின்றன. இதயத் திசுவுக்கு டொலுயிடின் நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீலத்துக்கு நடுவே நாவற்பழக் கறை போல அங்கங்கே ஊதாத் திட்டுகள் தெரியும். அவைதான் மாஸ்ட் செல்கள். எலியை அசைய முடியாதபடி அடைத்து வைத்தால், அந்த மன அழுத்தத்திலேயே அதன் இதயத்து மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் அடங்கிய தங்கள் துகள்களைக் கொட்டுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கொட்டிய ஹிஸ்டமின் என்ன செய்யும் என்பது அது எந்த ஏற்பியில் போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. ஏற்பிகள் நான்கு வகை. தோலில் அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் எச்1 வழியாக வருகின்றன. இதயத்திலோ எச்1, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்தூண்டலைத் தாமதிக்கிறது. தமனிச் சுவரின் தசையைச் சுருக்கவும் செய்கிறது. எச்2 இதற்கு நேர் எதிர். துடிப்பை வேகப்படுத்தி, ஒவ்வொரு துடிப்பின் வலுவையும் கூட்டுகிறது. கிட்டத்தட்ட அட்ரினலின் செய்யும் அதே வேலை. எச்2 ஏற்பியை 1972-இல் இனங்காட்டியவர் ஜேம்ஸ் பிளாக். அதற்கு முன்பே, அட்ரினலினிடமிருந்து இதயத்தைக் காக்கும் புரொப்ரனலாலை உருவாக்கியவரும் அவரே. இரண்டுக்குமாக 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

செட்டிரிசின் தடுப்பது எச்1-ஐ மட்டும். எச்2-ஐ அது தொடுவதில்லை, அட்ரினலினையும் தொடுவதில்லை. அரிப்பு அடங்கியும் படபடப்பு அடங்காததற்குக் காரணம் இதுதான். அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் நெஞ்சு அடித்துக்கொள்வதில் ஹிஸ்டமினைவிட அட்ரினலின், நார்அட்ரினலினின் பங்குதான் பெரிது. கடைக்காரர் சொன்னதுபோல் எல்லாம் ஹிஸ்டமின் வேலை அல்ல.

என்னை மிகவும் கவர்ந்தது எச்3. பாரிஸில் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1983-இல் இதை முதலில் மூளையில் கண்டது. பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ரொபெர்ட்டோ லெவியின் குழு, இதயத்துக்கு வரும் பரிவு நரம்புகளின் நுனியிலும் எச்3 இருப்பதைக் காட்டியது. மன அழுத்தத்தில் நார்அட்ரினலினைச் சுரப்பவை இந்த நுனிகள்தான். தமனி அடைபட்டு இதயத் தசைக்கு ரத்தம் நின்றுபோனால், மடை உடைந்தாற்போல அங்கிருந்து நார்அட்ரினலின் பெருகும். துடிப்பு தாறுமாறாகி உயிரைப் பறிக்கும் ஆபத்து அப்போதுதான் வருகிறது. அதே நேரத்தில் மாஸ்ட் செல்லிலிருந்து வெளிவரும் ஹிஸ்டமின், எச்3-இல் அமர்ந்து அந்தப் பெருக்கை மட்டுப்படுத்துகிறது. எச்3 இல்லாதபடி வளர்த்த சுண்டெலிகளின் இதயத்தில் ரத்த ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது நார்அட்ரினலின் மிக அதிகமாக வெளியேறியதை 2003-இல் அதே குழு வெளியிட்டது. ஒரு கையால் உசுப்பி, மறு கையால் அணைக்கிற பொருள் இது. ஆகவே ‘ஹிஸ்டமின் இதயத்துக்குப் பகை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எச்3-ஐத் தூண்டி இதயத்தைக் காக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை.

ஆனால் அலர்ஜியே மாரடைப்பாகும் நேரமும் உண்டு. கிரேக்க மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸ் 1991-இல் இதை விவரித்தார். கூனிஸ் சிண்ட்ரோம் என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. கதண்டோ தேனீயோ கொட்டினாலும், பென்சிலின் அல்லது வலி ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனாலும், தடிப்போடு சேர்ந்து இதயத் தமனியும் இறுகலாம். அடைப்பே இல்லாத தமனியிலும் இது நடக்கும். உடம்பு தடித்திருக்கிற ஆளைப் பார்த்தால் எல்லோர் கண்ணும் தோலில்தான் நிற்கும். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்வது காதில் விழாமல் போய்விடக் கூடாது. தடிப்போடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மாத்திரை தேடி நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை விஷயம். டெர்ஃபெனாடின் என்ற அலர்ஜி மருந்து 1990-களில் சிலரது உயிரையே பறித்தது. கல்லீரல் அதை ஃபெக்ஸோஃபெனாடினாக மாற்றிவிட்டால் தொல்லையில்லை. எரித்ரோமைசின் போன்ற மருந்து குறுக்கே வந்து அந்த மாற்றத்தைத் தடுத்தால், இதயத் தசையின் பொட்டாசியம் வாயில்கள் அடைபட்டுத் துடிப்பு குலைந்தது. ஹிஸ்டமின் ஏற்பிக்கும் இந்தக் கேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மருந்தைக் கைவிட்டு ஃபெக்ஸோஃபெனாடினையே நேராகக் கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் செட்டிரிசினை உரிய அளவில் போடுவதால் இதயம் கெடும் என்று பயப்பட வேண்டாம். இதயத்தைக் காக்கும் என்று நம்பியும் போட வேண்டாம். அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின் அப்படியல்ல. இ.சி.ஜி.யில் க்யூடி இடைவெளி நீண்டிருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் அலர்ஜி மருந்தோடு ஃபினைலெஃப்ரின் கலந்திருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிலருக்குப் படபடப்பும் தரும். உங்கள் அட்டையைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சூரை, கானாங்கெளுத்தி சாப்பிட்ட நாளில் தடிப்பும் படபடப்பும் வந்ததுண்டா? ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த அந்த மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதித்த குழம்பிலும் அது அழியாது. மருத்துவரிடம் போகும்போது, தடிப்பு வந்த நாள், நேரம், அன்று சாப்பிட்டது, போட்ட மாத்திரை, ஒரு நிமிட நாடித்துடிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.