பாக்கி ஆளோடு போகாது

வீடு வாங்கிக் குடிபோகிறவர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன கரண்ட் பாக்கி அவர் பாடு, நம்மை யாரும் கேட்க முடியாது. இது அடிப்படையே இல்லாத பேச்சும் அல்ல. 1995இல் இஷா மார்பிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. மின் வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டவர் பாக்கி வைத்தவர். சொத்தை ஏலத்தில் எடுத்தவருக்கு அந்த ஒப்பந்தத்தில் பங்கில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. 2023 மே 19 அன்று, கே.சி. நினான் எதிர் கேரள மாநில மின் வாரியம் வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்வியை விரிவாக அலசியது. பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று வழங்கல் விதிகளில் நிபந்தனை இருந்தால், புதிய உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

‘நான் எரிக்காத கரண்டுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானதாகவே படும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாக்கி ஆளோடு மட்டுமே ஒட்டியது என்றால், லட்சக்கணக்கில் பாக்கி வைத்தவர் சொத்தை மைத்துனர் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே கட்டடத்துக்கு மறுநாளே புது இணைப்புக் கேட்கலாம். அந்த நட்டம் ஒழுங்காகக் கட்டணம் கட்டுகிறவர்கள் தலையில்தான் விழும். வாரியம் மின்சாரம் தருவது ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு. சர்வீஸ் எண் அந்த இடத்துக்கு உரியது. உரிமையாளர் மாறினாலும் எண் மாறுவதில்லை. அந்த எண்ணின் பழைய கணக்கும் அதோடு வருகிறது.

‘எல்லா பாக்கிக்கும் விற்பவரே பொறுப்பு என்று கிரயப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதே’ என்பது அடுத்த ஆட்சேபம். எழுதியிருப்பது நல்லதுதான். எழுதாவிட்டாலும், விற்பனை நாள் வரையிலான பொதுக் கட்டணங்களை விற்பவரே தீர்க்க வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கணக்கு. அதைக் காட்டி விற்றவர்மீது வழக்குப் போடலாம். பிடுங்கிப் போன ஃபியூஸ் கேரியரைத் திரும்ப வாங்க முடியாது. முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று என்பதும் இங்கே உதவாது. பதிவு அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம் போன்றவைதான் அதில் வரும். மின் பாக்கி அதில் ஏறுவதில்லை.

மின் இணைப்பு இடத்துக்கு உரியது என்ற இதே தத்துவம் வாடகைக்கு வருபவருக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் இணைப்பே கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். உரிமையாளர் அல்லது குடியிருப்பவர், யார் கேட்டாலும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு. மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்று 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் வாரியம் பார்த்தால் போதும். அப்படியானால் இணைப்பைத் தன் பெயருக்கு வாங்கியவர் வீட்டுக்கும் பாத்தியதை கொண்டாடிவிடுவாரே என்ற வீட்டுக்காரர்களின் பயத்துக்கும் ஆதாரமில்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதே உரிமையைத் தராது என்று 1996இல் சவர்ணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டாவில் ஏறிய பெயருக்கே அந்தக் கதி என்றால், ஈ.பி. கார்டில் உள்ள பெயர் எம்மாத்திரம்?

பெரிய பாக்கி எதுவும் இல்லாத வீட்டிலும், இடத்தோடு ஒட்டிய கணக்கு சத்தமில்லாமல் கையைக் கடிக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். நடுவில் ஆள் மாறியது மீட்டருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த, பிறகு மாறிவிட்ட கட்டணத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். முன்பு இருந்தவர் 400 யூனிட் எரித்துவிட்டுக் காலி செய்கிறார். அதற்கு மட்டும் கட்டணம் 1,125 ரூபாய். நீங்கள் மீதி நாள்களில் 120 யூனிட் எரிக்கிறீர்கள்; தனிக் கணக்கானால் முதல் 100 இலவசம் போக 45 ரூபாய்தான். ஆனால் மொத்தம் 520 ஆகி 500ஐத் தாண்டிவிடுவதால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்ற சலுகை போய் 4.50 ஆகிறது, 500க்கு மேற்பட்டதற்கு 8 ரூபாய். பில் 2,110 ரூபாய். முன்னவர் தன் 1,125ஐக் கொடுத்துக் கணக்குத் தீர்த்திருந்தால், உங்கள் 120 யூனிட்டின் விலை 985 ரூபாய். சாவி வாங்கும் நாளில் இருவரும் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, பில் வந்த பிறகு யூனிட் விகிதப்படி பிரித்துக்கொள்வதே நியாயம்.

எல்லா இணைப்புகளும் இப்படித்தான் என்று முடிவு கட்டினால் அது எதிர்ப்பக்கத் தவறு. சமையல் எரிவாயு இணைப்பு ஆளைச் சேர்ந்தது. தொலைவூருக்குக் குடிபெயர்பவர் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வைப்புத் தொகையைத் திரும்பப் பெற்று, மாற்று ஆவணத்தோடு புது ஊரில் இணைப்பு வாங்க வேண்டும். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன சிலிண்டரை அவர் பெயரிலேயே புக் செய்து ஓட்டுவது முறையல்ல. இணைய இணைப்பும் அப்படியே. முன்னவரின் பாக்கி முன்னவருடையது. இடத்தோடு நிற்பது எது, ஆளோடு போவது எது என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இடத்தோடு நிற்பவற்றை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சர்வீஸ் எண்ணை மின் பகிர்மானக் கழக இணையதளத்தில் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். சொத்து வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளை விற்பவரிடமே கேட்கலாம். நிலுவை இருந்தால் விலையில் கழித்துக்கொள்ள அதுதான் நேரம். பத்திரம் பதிவான பிறகு பேரம் பேச விற்றவருக்கு அவசியம் இருக்காது.