ரேகை வைக்கும் முன்: மலையில் ஆதார் வழிப் பணம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நூறு நாள் வேலைக் கூலியோ முதியோர் உதவித்தொகையோ கணக்கில் ஏறியிருந்தால், அதை எடுக்கப் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் வரை இறங்கியாக வேண்டும் என்றில்லை. வங்கி முகவரின் கையடக்க மெஷினில் விரல் வைத்தாலே பணம் எடுக்கலாம். நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊர்க்காரர்களுக்கும் இது பெரிய வசதிதான். ஆனால் ஏடிஎம் ரகசிய எண் திருடு போனால் வேறு எண் வைத்துக்கொள்ளலாம், விரலை மாற்ற வழியில்லை. அதனால் இந்த மெஷின் முன்னால் நிற்கும்போது ஒவ்வொரு சொல்லையும் எழுத்து பிசகாமல் கேட்டு வாங்க வேண்டும். ‘ரொம்பச் சட்டம் பேசுறான்’ என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

1. எந்தக் கணக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘ஆதார் இணைச்சாச்சு’ என்று வங்கியில் சொல்வதற்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, கணக்கோடு உங்கள் ஆதார் எண்ணைச் சேர்ப்பது. எத்தனை வங்கியில் கணக்கு இருந்தாலும் இதைச் செய்யலாம். இன்னொன்று, அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் பதிவது. இதில் ஒரே ஒரு வங்கிக்குத்தான் இடம், கடைசியாகப் பதிந்ததே நிற்கும். நூறு நாள் கூலிக்கு ஆதார் வழிப் பட்டுவாடாவை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கிய பிறகு, ‘கூலி வரலை’ என்று தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். பணம் எடுக்கும்போதும் மெஷினில் அதே வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

செல்போன் எண்ணும் இப்படித்தான். ஆதாரில் பதிந்த எண் வேறு, வங்கியில் பதிந்த எண் வேறு. வங்கியில் பதியாதவருக்குப் பணம் கழிந்த எஸ்எம்எஸ் வராது.

2. விரலுக்கு முன் திரையைப் பாருங்கள்

இருப்பு பார்ப்பது, பணம் எடுப்பது, கடைசி வரவு செலவைப் பார்ப்பது, கடைக்காரருக்குச் செலுத்துவது எல்லாவற்றுக்கும் ஒரே விரல்தான். எது நடக்கிறது என்பதைத் திரைதான் சொல்லும். இருப்பு மட்டும் பார்க்க வந்திருந்தால் தொகைக் கட்டத்தில் எதுவும் இருக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட அழைத்துப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. ரேகை விழவில்லை என்றால்

சாமை அறுத்து, புளி உடைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் போவது சகஜம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள். ஆனால் ‘விழலை, இன்னொரு தடவை வை’ என்றால், முதல் தடவை என்ன ஆனது என்று திரையிலோ சீட்டிலோ பார்க்காமல் அடுத்த தடவை வைக்காதீர்கள். விழுந்த ரேகையை விழவில்லை என்று சொல்லி இரண்டாவது தொகையைக் கழிப்பதுதான் இதில் எளிதாக நடக்கக்கூடிய மோசடி.

4. சீட்டு இல்லாமல் நகராதீர்கள்

பரிவர்த்தனை தோற்றாலும் சீட்டு கேளுங்கள். அதில் தேதி, நேரம், தொகை, மீதி, ஆர்ஆர்என் என்ற 12 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் புகாருக்கும் இந்த எண்தான் பிடி.

5. கணக்கில் கழிந்தது, கைக்கு வரவில்லை

மலையில் சிக்னல் நடுவில் அறுந்தால் இப்படி நேரும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. நீங்கள் கேட்காமலே தர வேண்டிய பணம் அது. இந்த 5 நாள் காலண்டர் நாள், ஞாயிறும் சேரும்.

6. நீங்கள் எடுக்காத பணம் போயிருந்தால்

இங்கே நாள் கணக்கு வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வெளியாள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை என்கிறது. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை தகவல் வந்து, மறுநாள் இரண்டாம் சனிக்கிழமையாக இருந்தால், திங்களிலிருந்து எண்ணிப் புதன் வரை அவகாசம். 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், ஜீரோ பேலன்ஸ் கணக்குக்காரர் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் ரூ.5,000 வரை ஏற்க வேண்டியிருக்கும். வங்கி முகவர் செய்த தவறுக்கு வங்கியே பொறுப்பு. ‘அது முகவர்கிட்ட பேசிக்கோங்க’ என்று கிளையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்வது. பிறகு வங்கிக் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். காவல் நிலையத்தில் ‘இது எங்க எல்லை இல்லை’ என்றால், குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம் 173ஆம் பிரிவு எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது என்று சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். மனுவில் ‘பணம் காணோம்’ என்று மட்டும் எழுதாமல், ‘என் கைரேகையை மோசடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். ஒருவருடைய தனித்த அடையாளத்தை இன்னொருவர் மோசடியாகப் பயன்படுத்துவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

7. ரேகையைப் பூட்டி வையுங்கள்

2018இல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளை எடுத்துப் போலி விரல் செய்து சிம் கார்டுகளை இயக்கிய வழக்கு வந்தது. பத்திரத்தில் வைத்த ரேகை, வைத்தவருக்கே தெரியாமல் வேறு வேலைக்குப் போயிருக்கிறது. இதற்குக் காவல், எம்ஆதார் செயலியில் உள்ள பயோமெட்ரிக் பூட்டு. பூட்டினால் யார் ரேகை வைத்தாலும் ஏற்காது, நீங்கள் வைத்தாலும்தான். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். ஆதாரில் செல்போன் எண் பதிந்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். ரேஷன் கடையிலும் இதே ரேகைதான் என்பதால், பூட்டியவர் வரிசையில் நிற்கும்போதே திறந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது என்றால், குடும்ப அட்டையில் பெயருள்ள ஒருவரை மட்டும் பூட்டாமல் விட்டுவிட்டு அவரை அனுப்புங்கள்.