ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது ஏன்? சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு விகிதப் பாடம்

நேர் விகிதம், எதிர் விகிதம் என்றதும் நம் கரும்பலகையில் வழக்கமாக வருபவர்கள் வேலையாட்கள்தாம். எட்டுப் பேர் ஆறு நாளில் முடிக்கும் வேலையைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? மாணவர்கள் விடை சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த விடையால் அவர்களுக்கு எதுவும் மாறுவதில்லை. விடை தெரிந்த பிறகு ஒரு பொருளையே மாற்றிப் பார்க்க முடிகிற கணக்கு நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறது.

தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் அந்த வண்டியில் தம்பி தங்கைகளும் ஏறிப் பள்ளிக்கு வருகிறார்கள். வண்டி எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பாதை அப்படி இல்லை. பொம்மிடி, சேர்வராயன் மலையின் அடிவாரப் பகுதி. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கு வரும் வழி சமதளம்; மலைப்பக்கமிருந்து வரும் இன்னொரு பிள்ளைக்கோ மாலையில் வீடு திரும்பும் வழி நெடுக ஏற்றம்.

ஏற்றத்தில் தினமும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். "எனக்குத் தெம்பு பத்தல சார்" என்றாள். அவள் குறை என்று நினைத்தது உண்மையில் இரண்டு எண்களின் விகிதம். அதை அவளே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை அமைத்தேன்.

செயல்பாடு 1: பற்களை எண்ணுதல்

தேவையானவை: ஸ்டாண்ட் போட்ட மிதிவண்டி, சுண்ணக்கட்டி, அளவு நாடா. பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரம் செயின் வீல். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் சிறிய பல்சக்கரம் ஃப்ரீவீல். தொடங்கும் பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இரண்டின் பற்களையும் எண்ணச் சொல்லுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட வண்டியில் செயின் வீலில் 44 பற்கள், ஃப்ரீவீலில் 18 பற்கள். உங்கள் வண்டியில் எண்கள் மாறலாம், முறை மாறாது.

அடுத்து, பின் டயரில் குறியிட்டு, பெடலைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றில் பாதிக்குச் சற்று முன் நிற்கும். 44 ÷ 18 = 2.44. கண்ணால் கண்டதும் கணக்கில் வந்ததும் ஒன்றே.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, டயர் ஒரு சுற்று உருளும் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு 207 செ.மீ. வந்தது. ஆக, ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் 2.44 × 2.07 = சுமார் 5.06 மீட்டர்.

செயல்பாடு 2: எந்தப் பக்கம் மாற்றுவது?

"ஏற்றத்தில் மிதிக்க எளிதாக இருக்க ஃப்ரீவீலைப் பெரிதாக்க வேண்டுமா, சிறிதாக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் "சிறிசுதான் சார், லேசா சுத்தும்" என்றார்கள். உடனே திருத்தாமல் செயினைப் பார்க்கச் சொன்னேன். பெடல் ஒரு சுற்று சுற்றினால் செயின் 44 கண்ணி நகரும். ஃப்ரீவீலில் எத்தனை பல் இருந்தாலும் இது மாறாது. அந்த 44 கண்ணிகள் 16 பல் சக்கரத்தை 2.75 சுற்றும், 22 பல் சக்கரத்தைச் சரியாக 2 சுற்றும் சுற்றும். பல் கூடினால் சுற்று குறைகிறது. இரண்டின் பெருக்கற்பலன் எப்போதும் 44. ஏழாம் வகுப்பின் எதிர் விகிதம் இதுவே.

44 பல் செயின் வீலுடன், ஒரு மிதிச்சுற்றுக்கு நகரும் தூரம்:
ஃப்ரீவீல் 16 பல்: 5.69 மீ.
ஃப்ரீவீல் 18 பல்: 5.06 மீ.
ஃப்ரீவீல் 20 பல்: 4.55 மீ.
ஃப்ரீவீல் 22 பல்: 4.14 மீ.

வேலை குறைகிறதா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் விசையின் திருப்புத்திறனுக்கு எடுத்துக்காட்டாகப் பற்சக்கரங்கள் வருகின்றன. அங்கே இந்தக் கணக்கைத் தொடரலாம். மாணவி, வண்டி, புத்தகப்பை சேர்ந்து 70 கிலோ என்போம். 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் ஏற்றம். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை 70 × 9.8 ÷ 20 = 34.3 நியூட்டன். பெடல் கட்டையின் நீளம் 16.5 செ.மீ. எனில் ஒரு சுற்றில் பாதம் சுமார் 1.04 மீட்டர் நகரும். உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டால், பாதம் தர வேண்டிய சராசரி விசை 18 பல்லில் சுமார் 167 நியூட்டன். 22 பல்லில் சுமார் 137 நியூட்டன். வித்தியாசம் 30 நியூட்டன். ஒவ்வொரு மிதியிலும் ஏறத்தாழ 3 கிலோ பாரம் குறைந்ததற்குச் சமம் இது.

இலவசமாகக் கிடைத்ததா இந்த எளிமை? இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு முன்பு 198 மிதிச்சுற்று போதும். இப்போது 242 வேண்டும். மொத்த வேலை இரண்டிலும் 34,300 ஜூல்தான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும் இதே காரணத்தால்தான். தூரத்தைக் கூட்டிச் செங்குத்தைக் குறைக்கிறோம். ஏறும் உயரம் குறைவதில்லை. சமதளத்திலும் இதற்கு விலை உண்டு. நொடிக்கு ஒரு மிதிச்சுற்று என்றால், மணிக்கு 18.2 கி.மீ. போன வண்டி 14.9 கி.மீ.தான் போகும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் பந்தய வீரர்களுக்கும் இருந்தது. பிரான்சின் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' போட்டியில் ஓடும்போதே கியர் மாற்றும் அமைப்பு 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் பின் சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு பல் எண்ணிக்கையில் சக்கரம் பொருத்தி வந்து, மலையடிவாரத்தில் இறங்கிப் பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். வீரர்களுக்கே தேவைப்பட்ட மாற்றம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது.

கடையில் நடப்பது

காசு செலவழிக்கும் முன் மூன்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: டயரில் காற்று, செயினில் எண்ணெய், சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இவை சரியான பிறகும் ஏற்றம் கடினமாக இருந்தால் ஃப்ரீவீலை மாற்றலாம். செயின் வீலைவிட இதை மாற்றுவது எளிது.

உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொல்லலாம். ஃப்ரீவீல் மரையில் இறுகியிருக்கும். மிதிக்க மிதிக்க இன்னும் இறுகும். அதனால் பின் சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீலின் காடியில் பொருந்தும் கருவியை வைஸில் பிடித்து, அதன்மேல் சக்கரத்தை வைத்து, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சக்கரத்தையே திருப்புவார். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுவது நல்லது.

இங்கும் ஒரு கணக்கு உண்டு. செயினில் ஒரு கண்ணி அரை அங்குலம். ஃப்ரீவீலில் 4 பல் கூடினால், அதே செயினுக்குப் பின் சக்கரம் அரை அங்குலம், அதாவது சுமார் 13 மி.மீ. முன்னால் வர வேண்டும். அதற்குக் காடியில் இடமில்லையென்றால் செயினில் ஒரு அங்குலம் சேர்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா, செயின் கவரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய செயின் தேய்ந்திருந்தால் புதுப் பல்லில் நழுவும். அப்போது செயினையும் மாற்றுவதே பாதுகாப்பு. கழற்றிய ஃப்ரீவீலைப் பத்திரமாக வைத்திருந்தால் வேண்டியபோது திரும்ப மாட்டலாம்.

அந்த மாணவி தன் வழியின் ஏற்றத்தையும் கணக்கையும் தாளில் எழுதி வீட்டில் காட்டினாள். அவள் அப்பா 22 பல் ஃப்ரீவீல் வாங்கிப் போட்டார். செங்குத்தான கடைசி ஏற்றத்தில் இன்னும் இறங்குகிறாள். மற்றவற்றில் மிதித்தே போகிறாள். அதே வகுப்பில் சமதளத்தில் வரும் மாணவன் ஒருவன் கணக்குப் போட்டுவிட்டு, "எனக்கு 18 பல்லே போதும் சார்" என்றான். இரண்டுமே சரியான விடைகள்.

மதிப்பீட்டுக்கு

1. உன் வீட்டு வண்டியில் ஒரு மிதிச்சுற்றுக்கு நகரும் தூரம் எவ்வளவு?
2. செயின் வீல் 48, ஃப்ரீவீல் 20 எனில், 44க்கு 18 உள்ள வண்டியைவிட ஏற்றத்துக்கு எளிதா?
3. நீ பள்ளிக்கு வரும் வழிக்கு எத்தனை பல் ஃப்ரீவீல் பொருந்தும்? காரணம் எழுது.

மூன்றாவது கேள்விக்கு விடைக்குறிப்பு கிடையாது. காரணத்துக்கே மதிப்பெண் தாருங்கள்.