கல்லடைப்புக்கு மரபணுச் சோதனை: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

விலாவில் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலியைக் கண்டவருக்கு யார் எதைச் சொன்னாலும் வேதவாக்குதான். தக்காளியை ஒதுக்கு, பாலை நிறுத்து, வாழைத்தண்டுச் சாறு குடி என்று ஆளுக்கொரு யோசனை. கல் வெளியேறியதும் எல்லாம் மறந்துபோகும். அது ஏன் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சிலருக்கு அந்தக் கேள்விக்கான விடை மரபணுவில் இருக்கிறது.

‘தண்ணீர் குடிக்காததால்தான் கல் வருகிறது, மரபணுவுக்கு இதில் என்ன வேலை?’ என்பது பரவலான நம்பிக்கை. தண்ணீர் குறைவது பெரிய காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரகத்தில் சுண்ணப் படிவு இருந்த 272 பேரிடம் 30 மரபணுக்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு ஒற்றை மரபணுக் கோளாறே காரணமாக இருந்தது. சிறுவர்களைத் தனியே எடுத்தால் ஐந்தில் ஒருவர். பெரியவர்களிலும் 11 சதவீதத்துக்கு மேல். சிறப்பு மருத்துவமனைகளை நாடி வந்தவர்களின் கணக்கு இது; கல் வந்த எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணிக்கை அல்ல.

‘அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கும் இல்லை, பிறகு எப்படிப் பரம்பரை நோயாகும்?’ ஆகும். இந்தக் கோளாறுகளில் பல, மரபணுவின் பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒரு பழுதான பிரதி மட்டும் உள்ள பெற்றோர் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்கள். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இரு பிரதிகளும் ஒன்றுசேரும் வாய்ப்பு கூடுகிறது. கல்லடைப்போடு வரும் குழந்தையின் பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்று மருத்துவர் கேட்டால், அதில் குறை காணும் நோக்கம் இல்லை. நோயின் தடத்தைத் தேடுகிறார்.

‘கல் எல்லாம் ஒன்றுதான், எடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்ற நம்பிக்கைதான் இவற்றில் மிகவும் ஆபத்தானது. முதல்நிலை ஹைப்பர்ஆக்ஸலூரியா வகை 1 என்ற நோயைப் பாருங்கள். பழுது இருப்பது சிறுநீரகத்தில் அல்ல, கல்லீரலில். அங்கே ஒரு நொதி வேலை செய்யாததால் ஆக்ஸலேட் பெருகி, அதை வெளியேற்றும் பாடு சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. கீரையை அடியோடு விட்டாலும் பெரிய மாற்றம் இராது. உடம்பே அதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. கல்லை உடைப்பார்கள், மறுபடியும் வரும். சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸில் இருந்து, மாற்றுச் சிறுநீரகமும் பொருத்தி, அந்தப் புதிய உறுப்பிலும் ஆக்ஸலேட் படிந்து பாழான பிறகே நோயின் பெயர் தெரியவந்திருக்கிறது. உறவினர் ஒருவர் தந்த சிறுநீரகம் அப்படிப் போவது எத்தனை பெரிய இழப்பு! முன்பே தெரிந்திருந்தால் கல்லீரலையும் சேர்த்து மாற்றுவதைப் பற்றி யோசித்திருக்கலாம்.

இன்னொரு நோயில், ஏபிஆர்டி என்ற நொதி இல்லாததால் கல் உண்டாகிறது. அந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. யூரிக் அமிலக் கல்லும் தெரியாது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. யூரிக் அமிலக் கல்லைக் கரைக்க, சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டும் மருந்து தருவார்கள். ஏபிஆர்டி கல் அதற்கு மசியாது. காரணம் தெரிந்துவிட்டாலோ, கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய, மலிவான அலோப்யூரினால் மாத்திரையே அதைத் தடுத்து நிறுத்துகிறது.

‘மரபணுவிலேயே இருந்தால் என்ன செய்ய முடியும்?’ என்று கைவிரிப்பவர்களுக்கு இதுவே ஒரு பதில். ஹைப்பர்ஆக்ஸலூரியாவிலும் குறிப்பிட்ட சில மாற்றங்கள் உள்ளவர்களுக்கு வைட்டமின் பி6 நல்ல பலன் தருகிறது. யாருக்குப் பலிக்கும் என்பதை மரபணு அறிக்கையை வைத்து ஓரளவு கணிக்கலாம். கல்லீரலில் ஆக்ஸலேட் உற்பத்தியையே குறைக்கும் லுமாசிரான் ஊசிக்கு 2020-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன. விலை மிக அதிகம் என்பது வேதனையான உண்மை.

சில நேரம் விடை, ஒரு மருந்தை நிறுத்துவதில் இருக்கும். சிஒய்பி24ஏ1 என்ற மரபணு பழுதானவர்களின் உடல், வைட்டமின் டியைச் சரியாகச் சிதைக்காது. 1950களில் பிரிட்டனில் குழந்தை உணவில் இந்த வைட்டமினைத் தாராளமாகச் சேர்த்தபோது, சில குழந்தைகளுக்கு மட்டும் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. இந்த மரபணுதான் அப்படிப்பட்ட குழந்தைகளின் நோய்க்கு ஒரு காரணம் என்பது 2011-ல்தான் தெளிவானது. அத்தகைய ஒருவர், உடம்பு அசதிக்கு யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் டி மாத்திரை போடுவது கல்லுக்கு வழிவிடுவதாகும்.

அப்படியானால் கல் வந்த எல்லோரும் சோதனைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். ஐஸ்லாந்து, நெதர்லாந்து மக்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு செய்தி வந்தது: சிஎல்டிஎன்14 மரபணுவின் ஒரு வடிவம் இரு பிரதிகளிலும் இருந்தால் கல் வரும் வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு. ஆனால் அந்த அமைப்பு மக்களில் 62 சதவீதத்தினருக்கு இருக்கிறது! இதைச் சோதித்துச் சொல்வதால் தனி ஒருவருக்கு என்ன லாபம்? ‘உங்கள் கல் அபாயம் இவ்வளவு’ என்று விற்கப்படும் பொதுச் சோதனைகளுக்குப் பணம் கொடுக்குமுன் இதை யோசிப்பது நல்லது. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே பரம்பரைக் காரணம் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

காரணத்தைத் தேடுவதில் முதல் படி, வெளியேறிய கல்லைத் தூக்கி எறியாமல் இருப்பது. வடிகட்டியில் பிடித்து, உலர்த்தி, சிறு டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுத்தால் எந்த வகைக் கல் என்று சொல்லிவிடுவார்கள். சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும்போது அறுகோணச் சில்லு போன்ற படிகம் தெரிந்தால் அது சிஸ்டினூரியா என்ற பரம்பரைக் கல் நோய். மரபணு அறிக்கைக்குக் காத்திருக்காமலே சிகிச்சை தொடங்கலாம். அடுத்து ரத்தப் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. சிறு வயதிலேயே கல் வந்தவர்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள், இரு சிறுநீரகத்திலும் கல் நிறைந்தவர்கள், கல்லோடு காது கேளாமையோ சிறுநீரகச் செயல்குறைவோ உள்ளவர்கள் ஆகியோர்தான் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியவர்கள்.

பெற்றோர் இருவரும் பழுதான பிரதியைச் சுமக்கும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வலியே இல்லாமல் ஓடியாடும் தம்பி தங்கைகளையும் அப்போதே பரிசோதித்துவிட வேண்டும்.