பழைய படம்தானே என்று பென்டிரைவில் விற்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா, தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன். கடையை மூடியபோது மிஞ்சிய வி.எச்.எஸ். கேசட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. பழைய படங்கள், டி.வி.யில் ஓடியபோது பதிவு செய்த தூர்தர்ஷன் நாடகங்கள் எல்லாம் உண்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென்டிரைவில் போட்டு, கலர் அட்டையும் பிரிண்ட் எடுத்து, ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்து 500 ரூபாய்க்கு விற்கிறேன். ஜிபேயில் பணம் வந்ததும் கூரியரில் அனுப்பிவிடுவேன். புதுப்படம் எதையும் தொடுவதில்லை. பென்டிரைவ் விலையும் என் உழைப்புக்கான கூலியும்தான் வாங்குகிறேன். ‘உரிமை உரியவர்களுக்கே’ என்றும் விளம்பரத்தில் போட்டுவிடுகிறேன். போன வாரம் ஒருவர், “அண்ணே, இது கேஸ் ஆகிற சமாச்சாரம்” என்றார். உண்மையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்மைதான். அவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். விற்பனையை இன்றைக்கே நிறுத்துங்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியது கேசட்டை மட்டும்தான். படத்தைப் பிரதி எடுக்கவும் அந்தப் பிரதியை விற்கவுமான உரிமை தயாரிப்பாளரிடமோ, அவரிடமிருந்து வாங்கியவரிடமோ இருக்கிறது. டி.வி. நாடகமும் சட்டத்தின் கணக்கில் திரைப்படம்தான். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. விலை வைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ‘உரிமை உரியவர்களுக்கே’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. சொல்லப்போனால், உரிமை வேறொருவருடையது என்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

அந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விளம்பரம் போட்டு, ஒரே விலை வைத்து, தொடர்ந்து விற்கிற ஒருவர் ‘கூலிதான் வாங்கினேன்’ என்று சொன்னால் அது எடுபடும் என நம்பாதீர்கள். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டரே உங்கள் பிரதிகளையும், பிரதி எடுக்கும் சாதனங்களையும் பறிமுதல் செய்யலாம்.

கலர் அட்டை தனி வில்லங்கம். விற்பனைக்கு வரும் வீடியோவின் அட்டையில் தணிக்கைச் சான்றிதழின் நகல், பிரதி தயாரித்தவர் பெயரும் முகவரியும், அவர் உரிமம் பெற்றதற்கான உறுதிமொழி, உரிமையாளர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதற்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 2004இல் குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோவையும் சேர்த்தார்கள். அதில் 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க முடியும். உங்களைப் போன்ற சிறு விற்பனையாளர்மேல் அது பாயும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘சின்ன ஆளை யார் கண்டுகொள்வார்கள்’ என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. சென்னை பர்மா பஜாரில் கைமாறிய டி.வி.டி.க்கு ரசீது கிடையாது. உங்கள் விற்பனைக்கோ ஜிபே கணக்கு, கூரியர் சீட்டு, வாடிக்கையாளரோடு பேசிய சாட் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்ட ஆதாரம் இருக்கிறது. உரிமையாளர் தரப்பில் ஒருவர் ஒரே ஒரு பென்டிரைவை ஆர்டர் செய்தாலே வழக்குக்குத் தேவையானதெல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். சிவில் கோர்ட்டில் தடையுத்தரவும் நஷ்டஈடும் தனியாகக் கேட்பார்.

பழைய படம் என்றால் பரவாயில்லையா? படம் வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தின் உரிமை 2021 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டுக்குத் தனிக் கணக்கு: எழுதியவரின் ஆயுள், அதற்குமேல் 60 ஆண்டு. அந்தப் படத்துக்குப் பாட்டெழுதிய கண்ணதாசன் 1981இல் காலமானார். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015இல் என்பதால் இசைக்கு 2075 வரை. ஆக, படம் பழையது என்பதை மட்டும் வைத்துத் துணிந்துவிட முடியாது. கம்பெனி மூடிவிட்டது என்ற வாதமும் நிற்காது. பழைய படங்களின் நெகட்டிவ் உரிமை, சாட்டிலைட் உரிமை, டிஜிட்டல் உரிமை எல்லாம் பிரிந்து பிரிந்து வெவ்வேறு கைகளுக்குப் போயிருக்கும்.

அந்த நாடகங்கள் பரணில் பூஞ்சை பிடித்து அழிவது எனக்கும் வேதனைதான். அரிய பதிவு இருக்கிறது என்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு எழுதுங்கள். எழுத்தில் அனுமதி கிடைத்தால் விற்கலாம். கிடைக்காவிட்டாலும் பதிவு பிழைக்க ஒரு வழி பிறக்கும்.

கேசட்டை டிஜிட்டலாக்கத் தெரிந்த உங்களுக்கு நேர்மையான தொழில் ஒன்று காத்திருக்கிறது. கல்யாண வீடியோ கேசட்டை வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்க டெக் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன. பணம் கொடுத்து எடுக்கச்சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச்சொன்னவரே உரிமையாளர். அவர்களுக்கு மாற்றிக்கொடுத்துக் கூலி வாங்குங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும் என்பதால், அதை நீங்கள் யூடியூபில் ஏற்ற மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே விற்றதற்கு நோட்டீஸ் வந்தால், பழைய சாட்டுகளை அழிக்காதீர்கள், ஆதாரத்தை மறைத்ததாகிவிடும். போனில் மிரட்டிப் பணம் கேட்பவர்களுக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். உரிமைக்கான பத்திரத்தைக் காட்டச்சொல்லுங்கள். நோட்டீஸ் நிஜம் என்று தெரிந்தால் ‘இனி விற்கமாட்டேன்’ என்று உறுதி எழுதிக்கொடுத்துச் சமரசம் பேசலாம். அந்தக் கடிதத்தையும் வக்கீலைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.