உறைபனிக்கு முன் ஒரு மின் கம்பளி

தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலைப் புல் வெள்ளை பூக்கிற நாட்கள் வந்துவிட்டன. பிப்ரவரி வரை இப்படித்தான். நீலகிரி வாசிகளுக்கு முதல் வேண்டுகோள்: கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். சாத்திய அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார்.

மின் கம்பளி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். 2000 வாட் ரூம் ஹீட்டர் அரை மணியில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். ஒற்றைக் கட்டிலுக்கான கம்பளிக்கு 60 முதல் 100 வாட் போதும். பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது.

கடையில் எல்லோரும் துணியைத் தடவித்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ஸ்விட்சைப் பாருங்கள். தானாக அணையும் டைமர், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி, துவைப்பதற்காகக் கழற்றக்கூடிய வயர், இந்த மூன்றும் இல்லாவிட்டால் மலிவு என்று எடுக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பியதா? அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் நாலு மடங்கு அளவுக்குச் சூடாகும். பின்னை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது.

மெத்தைமேல் விரிக்கும் வகையானால் முனை நாடாக்களை இறுகக் கட்டி, மேலே பெட்ஷீட் போடுங்கள். சுருங்கிக் கிடக்கும் இடத்தில்தான் கருகும். ஊக்கு குத்தக் கூடாது, பூனை ஏறக் கூடாது (சூடு கண்ட பூனையை யார் இறக்குவது!). படுக்க அரை மணி முன்பு போட்டு, படுத்ததும் அணைத்துவிடுவதே என் பழக்கம். மேலே ஒரு நல்ல ரஜாய் இருந்தால் அந்தச் சூடு நெடுநேரம் தங்கும். போன வருடத்துக் கம்பளியானால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, பழுப்புக் கறை தெரிந்தாலோ தூக்கிப்போடுங்கள்.

முதுகு, முட்டி வலிக்கு ஹீட்டிங் பேட் என்றால் துணிக்கு மேலே, 15, 20 நிமிடம் போதும். அதன்மேல் படுத்துத் தூங்கிவிடாதீர்கள். தைலமோ வலி ஜெல்லோ தடவிய இடத்தில் வைக்கவே வேண்டாம், தோல் வெந்துவிடும். நம்மூரில் இந்தத் தப்பைச் செய்யாதவர் குறைவு. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது. அவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் கம்பளி, பேட் இரண்டும் வேண்டாம், கம்பளிச் சாக்ஸ் போதும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் சுவர் பிளக்கிலேயே செருகுங்கள். முதல் நாள் அரை மணி கழித்து ஸ்விட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கம்பளியை மடிக்காமல் சுருட்டி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.